ஜூஸ் கடை அண்ணாச்சிகளுக்கு: அழுகலைத் தோண்டிவிட்டால் ஆப்பிள் நல்லதாகிவிடாது

ஊர் ஊராக ஜூஸ் கடை போட்டிருக்கும் அண்ணாச்சிகளுக்கும், காலை முதல் ராத்திரி வரை மிக்ஸி பக்கம் நின்றபடியே பழம் நறுக்கும் மாஸ்டர்களுக்கும், அவர்களுக்குப் பெட்டி பெட்டியாகச் சரக்கு இறக்கும் மண்டி வியாபாரிகளுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ஆப்பிளில் அழுகிய இடத்தை மட்டும் கத்தியால் தோண்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மிக்ஸியில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அவ்வளவுதான் கோரிக்கை. அதற்கு இவ்வளவு நீள மடல் எதற்கு என்றால், "அழுகலைத்தான் எடுத்துட்டோமே, அப்புறம் என்ன?" என்ற பதில் உடனே வரும் என்று தெரியும். அந்தப் பதில் கேட்க நியாயமாகவும் இருக்கிறது, வீட்டில் நாங்களும் அதைத்தான் செய்கிறோம், எங்கள் அம்மா செய்தார், அவருடைய அம்மாவும் செய்திருப்பார். ஏன் கூடாது என்று விளக்காமல் கூடாது என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை.

நான் நுண்ணுயிரியல் படித்துவிட்டு உணவுச் சோதனை வேலையில் இருப்பவள். அதிகாரி இல்லை, உங்கள் கடைக்கு வந்து சீல் வைக்கும் ஆளும் இல்லை. சாத்துக்குடிக்கும் மாதுளைக்கும் உங்களிடம்தான் வருகிறேன், இனியும் வருவேன்.

ஆப்பிளை அழுக வைக்கும் பூசணங்கள் பல உண்டு. அவற்றில் பறித்த பிறகு, பெட்டிக்குள்ளும் குளிர்பதனக் கிடங்கிலும் அதிகமாகக் கைவரிசை காட்டுவது பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்ற ஒன்று. 1809இல் லிங்க் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் வைத்த பெயர். ஆப்பிள் விளைகிற நாடுகளில் நீலப் பூசணம் என்பார்கள். பெயரைக் கேள்விப்படாவிட்டாலும் ஆளை உங்களுக்கு நன்றாகத் தெரியும். முதலில் தோலில் வெளிர் பழுப்பாக ஒரு வட்டம் வரும், தொட்டால் கொழகொழவென்று அமுங்கும், உள்ளே தண்ணீர் விட்டுப் போயிருக்கும். இரண்டொரு நாளில் அதன் மேல் வெள்ளைப் பொட்டுகள், பிறகு நடுவிலிருந்து நீலமும் பச்சையும் கலந்த தூள். கிட்டே கொண்டுபோனால் ஒரு மக்கல் வாடை. அழுகிய சதைக்கும் நல்ல சதைக்கும் நடுவே எல்லை அவ்வளவு தெளிவாக இருக்கும், கரண்டியால் நெம்பினால் அழுகல் மட்டும் முழுசாகக் கழன்று கையில் வந்துவிடும். வினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. இவ்வளவு சுத்தமாகக் கழன்று வருவதால்தான் எல்லாம் போய்விட்டது என்று நம்பத் தோன்றுகிறது.

இந்தப் பூசணத்துக்கு முழுசாக இருக்கும் ஆப்பிள் தோலைத் துளைத்துக்கொண்டு போகிற சாமர்த்தியம் பெரும்பாலும் கிடையாது. அதற்குக் காயம் வேண்டும். பறிக்கும்போது பட்ட நகக்கீறல், பக்கத்துப் பழத்தின் காம்பு குத்திய ஓட்டை, பெட்டி ஆணி, லாரி குலுங்கி நசுங்கிய இடம், ஏதாவது ஒன்று போதும். உள்ளே நுழைந்ததும் குளூக்கோனிக் அமிலம், சிட்ரிக் அமிலம் என்று புளிப்பைச் சுரந்து சுற்றியிருக்கும் சதையைத் தனக்குத் தோதாக மாற்றிக்கொள்கிறது, அந்தப் புளிப்பில் நன்றாக வேலை செய்கிற நொதிகளை விட்டுச் சதையை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டினைக் கரைக்கிறது. கொழகொழப்பு வருவது அதனால்தான். நீலத் தூள் என்று பார்க்கிறோமே, அது அத்தனையும் வித்து, அதாவது பூசணம் பரவுவதற்கான நுண்ணிய விதை. ஒரே ஒரு அழுகலில் லட்சக்கணக்கில் இருக்கும். காற்றில் போகும், கழுவுகிற தண்ணீரில் போகும், கத்தியிலும் கைத்துண்டிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த பழத்துக்குப் போகும்.

ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டோம் என்ற நிம்மதியும் இதனிடம் செல்லாது. 25 டிகிரி சுற்றுவட்டாரம்தான் இதற்கு ரொம்பப் பிடிக்கும் என்றாலும் 0 டிகிரியிலும் மெல்ல மெல்ல வளரக்கூடிய ஆள். குளிர்பதனக் கிடங்குக்காரர்களுக்கு இதுதான் தீராத தலைவலி. மற்ற பல பூசணங்கள் குளிரில் அடங்கிக் கிடக்கும்போது இது மட்டும் நிதானமாக வேலையைப் பார்க்கும்.

சரி, அழுகினால் அழுகிவிட்டுப் போகட்டும், தோண்டிவிட்டால் என்ன என்பதுதானே கேள்வி. இந்தப் பூசணம் வளரும்போது பாட்டுலின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்குகிறது. பூசணம் கண்ணுக்குத் தெரியும், பாட்டுலின் தெரியாது. நிறம் இல்லை, பழத்தில் இருக்கும் அளவில் நாக்குக்கும் சிக்காது. தண்ணீரில் கரையும். ஆப்பிளோ தண்ணீர் நிறைந்த பழம். அதனால் அழுகலின் எல்லைக்குள்ளேயே உட்கார்ந்திருக்காமல், பார்க்க வெள்ளையாக, கடித்தால் மொறுமொறுப்பாக இருக்கும் நல்ல சதைக்குள்ளும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை கசிந்து போகிறது. நீங்கள் கத்தியை விடும் இடம் பழுப்பு முடியும் இடம். நச்சு முடியும் இடம் அதற்கு அப்பால். அந்த ஒன்றிரண்டு சென்டிமீட்டரையும் சேர்த்துச் செதுக்கினால் ஒரு நடுத்தர ஆப்பிளில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், அதைக் காப்பாற்றுவதற்கு மாஸ்டர் கத்தியோடு மல்லுக்கட்டும் நேரம்தான் வீண்.

காய்ச்சினால் போகாதா? அதுவும் சரிப்படாது. ஆப்பிள் ஜூஸ் போன்ற புளிப்புள்ள திரவத்தில் பாட்டுலின் சூட்டுக்கு அசைந்து கொடுக்காது, பாஸ்டரைஸ் செய்தாலும் பெருமளவு தங்கிவிடுகிறது. நொதிக்க வைத்து ஆப்பிள் மது ஆக்கினால் ஈஸ்ட் அதைச் சிதைத்துவிடும், ஆனால் அந்த வியாபாரத்துக்கு நீங்கள் போகப் போவதில்லை. பெரிய ஆலைகளில் கரித்தூள் வழியாகச் சாற்றை விட்டு அளவைக் குறைக்கிறார்கள். உங்கள் மிக்ஸியும் வடிகட்டியும் ஐஸ் கட்டியும் இதில் எதையும் செய்யாது. சர்க்கரையும் பாலும் போட்டால் மக்கல் வாடை மறையும், அவ்வளவுதான் நடக்கும்.

இதைச் சொல்லும்போதெல்லாம் படித்த பையன் யாராவது ஒருவன் கை தூக்குவான்: பெனிசிலின் மருந்தே பூசணத்திலிருந்துதானே வந்தது, அப்படியென்றால் இதுவும் மருந்துதானே? நல்ல கேள்வி, அதற்குச் சுவையான பதிலும் இருக்கிறது. பெனிசிலினை மலிவாக, ஏராளமாகத் தயாரிக்க உதவிய பூசண வகை 1943இல் அமெரிக்காவில் பியோரியா நகரத்துக் கடைத்தெருவில் வாங்கிய, பூசணம் பிடித்த ஒரு முலாம்பழத்திலிருந்துதான் கிடைத்தது. அது நம்ம ஆளுக்கு ஒன்றுவிட்ட உறவு, அவ்வளவே. அந்தக் காலத்தில் எல்லாப் பூசணத்திலும் மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள், அந்தத் தேடலில்தான் பாட்டுலினும் கிடைத்தது. கிருமிகளைக் கொல்கிறது என்று தெரிந்ததும் ஒரே உற்சாகம். ஒரே சமயத்தில் பல ஆய்வுக்கூடங்கள் கண்டுபிடித்து ஆளுக்கொரு பெயர் வேறு வைத்தார்கள். ஜலதோஷத்துக்கு மருந்தாகுமா என்று பிரிட்டனில் முதலில் சின்ன அளவில் பார்த்து, குணம் தெரிகிறது என்று பேச்சு கிளம்பி, பிறகு 1943, 44இல் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்து முறையாகச் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கும் வெறும் கரைசல் எடுத்தவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அப்புறம் விலங்குகளில் பார்த்தபோது இரைப்பையையும் குடலையும் புண்ணாக்குகிறது என்று தெரியவந்து, மருந்துப் பட்டியலிலிருந்து நச்சுப் பட்டியலுக்கு மாறியது. ஆக, பூசணத்திலிருந்து வந்தது என்பதாலேயே மருந்தாகிவிடாது. மருந்தாக்கப் பார்த்தார்கள், ஆகவில்லை, கதை முடிந்தது.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் ஜூஸ் குடித்தால் கேன்சர் என்று எவராவது இந்த மடலை வெட்டி ஒட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது என் பேச்சு இல்லை. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை பாட்டுலினை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்தப் போதுமான ஆதாரம் இல்லை. பூசணம் பிடித்த ஒவ்வொரு பழத்திலும் நச்சு ஒரே அளவில் இருக்காது, சிலவற்றில் மிகக் குறைவு, சிலவற்றில் ஏராளம். ஒரு டம்ளர் குடித்ததும் யாரும் சுருண்டு விழப்போவதில்லை. ஆனால் கூடாது என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்களே, அது சும்மா வைத்ததும் இல்லை.

அந்த அளவைப் பார்ப்போம். உலக சுகாதார அமைப்பும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு 1995இல் சொன்னது, ஒருவருடைய உடல் எடையில் கிலோவுக்கு 0.4 மைக்ரோகிராம் (மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்), ஒரு நாளைக்கு அதற்கு மேல் போகக் கூடாது. ஆப்பிள் ஜூஸில் ஒரு கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு, இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் அதே 50தான். இப்போது 15 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை வைத்துப் பாருங்கள், மூன்று நான்கு வயசுப் பிள்ளை. அதற்கு ஒரு நாள் வரம்பு 6 மைக்ரோகிராம். சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவில் இருக்கும் சுத்தமான ஆப்பிள் ஜூஸையே 200 மில்லி குடித்தால் ஏறக்குறைய 10 மைக்ரோகிராம் உள்ளே போய்விடும். ஐரோப்பாவில் பச்சிளம் குழந்தைகளின் உணவுக்கு மட்டும் வரம்பை 10 மைக்ரோகிராமாகக் குறைத்து வைத்திருப்பது இதனால்தான்.

நம்ம கடை ஜூஸில் பாதி பால், கால்வாசி ஐஸ், ஆப்பிள் எங்கே இருக்கிறது என்று சிரிப்பீர்கள். சரிதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அழுகிய சதையில் பாட்டுலின் மைக்ரோகிராம் கணக்கில் இருப்பதில்லை, கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் ஏறிவிடும். உதாரணத்துக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் இருக்கும் சதை என்று வைத்துக்கொண்டால், அந்தக் குழந்தையின் 6 மைக்ரோகிராமுக்கு அதில் ஒரு கிராம்கூடத் தேவையில்லை. கத்தி தவறி விட்ட ஒரு விளிம்பு, விதைப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துணுக்கு, அது போதும்.

நம் ஊரில் ஆப்பிள் ஜூஸ் யாருக்காக வாங்குகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயிலுக்குத் தாகம் என்று வருகிறவன் லெமன் குடிப்பான், சாத்துக்குடி குடிப்பான், கரும்புச் சாறு குடிப்பான். ஆப்பிள் ஜூஸ் என்றால் காய்ச்சல் கண்டவருக்கு, ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவருக்கு, கர்ப்பிணிக்கு, வேறெதுவும் இறங்காத குழந்தைக்கு. அரசு மருத்துவமனை வாசலில் வரிசையாக இருக்கும் ஜூஸ் கடைகளில் தூக்குவாளியோடு நிற்கிற ஜனங்களைப் பாருங்கள், அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஆப்பிளும் மாதுளையும்தான். விலை அதிகமான பழம், வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை, தங்களுக்கென்றால் வாங்க மாட்டார்கள், நோயாளிக்கு என்பதால் வாங்குகிறார்கள். அப்படி ஒரு கடையில் நான் வரிசையில் நிற்கும்போது மாஸ்டர் ஆப்பிளை எடுத்தார், பாதி பழுப்பு, பழகிய கையால் ஒரே சுழற்றில் தோண்டி கீழே இருந்த வாளியில் தட்டினார், மிச்சத்தை நாலாக வெட்டி ஜாரில் போட்டார். மறைத்துச் செய்யவில்லை. தப்பு என்று தெரிந்து செய்கிறவர் மறைப்பார், இவருக்குத் தெரியாது. வாங்கிக்கொண்ட பெண்ணும் பார்த்துக்கொண்டுதான் நின்றார், அவருக்கும் அது சுத்தம் செய்கிற வேலையாகத்தான் தெரிந்திருக்கும்.

எல்லாப் பழியும் உங்கள் தலையில் என்றும் சொல்ல மாட்டேன். இந்த அழுகல் உங்கள் கடையில் தொடங்குவதே இல்லை. சோபியானிலோ சோப்பூரிலோ மரத்திலிருந்து இறக்கும்போது பட்ட கீறல் அது. நாட்டில் விளையும் ஆப்பிளில் பெரும்பகுதி காஷ்மீரில் விளைகிறது, அங்கிருந்து நமக்கு மூவாயிரம் கிலோமீட்டர் லாரிப் பயணம். ஸ்ரீநகரில் தொடங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை, நெல்லை என்று நம் ஊர்கள் வழியாகவே போய்க் கன்னியாகுமரியில் முடிகிறது, ஆக உங்கள் கடைக்கு வரும் ஆப்பிளும் உங்கள் ஊர் டவுன் பஸ்ஸும் ஒரே ரோட்டில் ஓடுகின்றன என்றுகூடச் சொல்லலாம். 2025 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் மழையிலும் மண்சரிவிலும் அந்த ரோடு காஷ்மீர்ப் பக்கம் அடைபட்டு, ஆப்பிள் லாரிகள் நாள்கணக்கில் நின்று, சரக்கு பெட்டிக்குள்ளேயே அழுகி, தோட்டக்காரர்கள் கண்ணீர் விட்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கடைசியில் பட்காமிலிருந்து டெல்லிக்குச் சரக்கு ரயில் விட வேண்டிவந்தது. அப்படித் தப்பிப் பிழைத்து வருகிற லோடில் ஒரு பங்கு அடிபட்டிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வெளிநாட்டு ஆப்பிள் கதையும் வேறு இல்லை, கப்பலில் குளிர்பெட்டிக்குள் வாரக்கணக்கில் வருகிறது, நான் மேலே சொன்னபடி குளிர் இந்தப் பூசணத்தை நிறுத்தி வைப்பதில்லை, தள்ளித்தான் போடுகிறது.

மண்டியில் இந்த அடிபட்ட பழம் குப்பைக்குப் போவதில்லை. தனியாகப் பொறுக்கி, ஜூஸுக்கு என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்கிறார்கள். மண்டிக்காரர்களே, உங்களிடம் கேட்க வேண்டியது இதுதான். அடிபட்டதும் அழுகியதும் ஒன்றில்லை என்பது நாள் பூராவும் பழத்தைக் கையில் உருட்டுகிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ஜூஸுக்கு என்று தள்ளிவிடுவது ஏன்? ஆப்பிள் ஜூஸ் ஆலைகளுக்காக 2003இல் கோடெக்ஸ் ஒரு தனி நடைமுறைத் தொகுப்பே வெளியிட்டது. தரையில் விழுந்த பழத்தை ஜூஸுக்கு எடுக்காதே, அழுகியதைப் பொறுக்கித் தள்ளு, ஒவ்வொரு லோடிலும் சில பழங்களைக் குறுக்கே வெட்டி உள்ளே பூசணம் இருக்கிறதா பார் என்று அதில் இருக்கிறது. உலகம் பூராவும் ஜூஸுக்கு என்றால் கூடுதலாகப் பொறுக்குகிறார்கள், ஏனென்றால் கடித்துத் தின்கிறவன் கெட்டதைப் பார்த்துத் துப்பிவிடுவான், அரைத்துக் குடிக்கிறவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நாம் மட்டும் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம்.

அப்படியானால் எதை எடுக்கலாம், எதை எறியணும் என்று கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொன்னால் கடையை மூட வேண்டியதுதான். சும்மா அடிபட்ட ஆப்பிள் என்றால் அந்த இடம் பழுப்பாக இருக்கும், கொஞ்சம் பஞ்சாக இருக்கும், ஆனால் தண்ணீர் விட்டிருக்காது, வாடை இருக்காது, தோல் கிழியாமல் இருக்கும். அதை அன்றைக்கே வெட்டி, அந்த இடத்தை எடுத்துவிட்டுப் போடலாம். வெட்டி வைத்த ஆப்பிள் காற்றுப்பட்டுப் பழுப்பாவது பழத்தின் சொந்த வேலை, பூசணம் இல்லை. தோல் சுருங்கிய ஆப்பிளில் ஈரம்தான் போயிருக்கிறது, ருசி குறையும், கெடுதல் இல்லை. தோலில் சின்னச் சின்னச் சொறிப்புள்ளி இருந்தால் அழகு குறைவு, அவ்வளவுதான். ஆனால் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே இறங்குகிறது, ஈரம் கசிகிறது, மக்கல் வாடை வருகிறது, வெள்ளையோ நீலமோ பச்சையோ ஒரு பொட்டாவது தெரிகிறது என்றால் முழுப் பழமும் வாளிக்குப் போகட்டும். யோசிக்க வேண்டாம்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. டெலீசியஸ் ரகத்தில் சில பழங்களுக்குக் காம்புக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் குழி விதை அறை வரைக்கும் திறந்தே இருக்கும், அதன் வழியாக உள்ளே போன பூசணம் நடுவில் மட்டும் வளர்ந்திருக்கும். வெளியே பளபளவென்று சிவப்பாக இருக்கும். அதனால் ஆப்பிளை நீளவாக்கில் நாலாக வெட்டி அப்படியே ஜாரில் தட்டாமல், குறுக்கே ஒரு வெட்டு வெட்டி நடுப்பகுதியைப் பாருங்கள், விதை அறை ஐந்தும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சாம்பலாகவோ நீலமாகவோ பஞ்சு போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். வேகமாகப் பழம் நறுக்குகிற கைக்கு இது ஒரு நொடி வேலை. முழுப் பழத்தையும் அப்படியே உள்ளே தள்ளுகிற ஜூஸர் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும்.

கழுவுகிற தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் ஒரு பக்கெட் பிடித்து அதிலேயே சாயங்காலம் வரை எல்லாப் பழத்தையும் முக்கி எடுப்பது சுத்தம் இல்லை, ஒரு பழத்தின் பூசண வித்துகளை மற்ற எல்லாப் பழத்துக்கும் பூசுகிற வேலை. பெரிய பழப் பண்ணைகளிலேயே பழம் மிதக்கும் தொட்டித் தண்ணீர்தான் இந்தப் பூசணம் பரவுகிற முக்கியமான வழி. அழுகியதை முதலில் தனியே எடுத்துவிட்டு, மிச்சத்தை ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள், முடியாவிட்டால் தண்ணீரையாவது அடிக்கடி மாற்றுங்கள். அழுகிய பழம் போட்ட வாளியை மேடைக்குக் கீழே திறந்தபடி ராத்திரி வரை வைத்திருக்காதீர்கள்.

சாத்துக்குடியிலும் ஆரஞ்சிலும் வருகிற பச்சைப் பூசணம் வேறு, பெனிசிலியம் டிஜிட்டேட்டம் என்று பெயர், இது பாட்டுலின் உண்டாக்குவதில்லை. அதற்காக அதைப் பிழிந்து ஊற்றச் சொல்லவில்லை, அந்தக் கசப்பு வாடிக்கையாளருக்கே தெரிந்துவிடும். ஆப்பிளும் பேரிக்காயும்தான் இந்த மடலின் விஷயம், மற்றதைப் பற்றிப் பேசினால் இது முடியாது.

காசு விஷயம் மிச்சம் இருக்கிறது, உண்மையில் அதுதான் முதல் விஷயம். அழுகல் கலந்த பழத்தை வாங்குவது விலைக்காக. ஆனால் கிலோ மலிவு என்று வாங்கி அதில் பாதியை வெட்டி எறிந்தால் கைக்கு வரும் நல்ல சதை என்ன விலைக்கு வந்தது என்று ஒரே ஒரு நாள் தராசில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பதில் சின்ன சைஸ் பழம் வாங்கலாம். தட்டில் அடுக்கி விற்பவர்களுக்குப் பெரிய பழம் வேண்டும், அதனால் பெட்டிக்கு எண்ணிக்கை கூடுதலாக வரும் சின்ன கவுண்ட் ஆப்பிள் எப்போதுமே விலை குறைவு, ஜாருக்குள் போகிற பழத்துக்கு சைஸ் எதற்கு? நிறம் ஏறாத பழம், கோணல் பழம், தோலில் வடு உள்ள பழம் எல்லாம் இதே ரகம்தான். ஆப்பிள் விலை ஏறிக் கிடக்கும் மாசங்களில் பலகையிலிருந்து ஆப்பிள் ஜூஸை எடுத்துவிட்டாலும் யாரும் கோபிக்கப் போவதில்லை, சீசன் இல்லாதபோது மாம்பழ ஜூஸ் இல்லை என்று சொல்கிறீர்களே, கேட்டுக்கொள்கிறோமே. இல்லை, விலையைப் பத்து ரூபாய் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஏற்றுங்கள். நல்ல பழம் மட்டும் போடுகிறோம் என்று எழுதி வையுங்கள், ஆஸ்பத்திரிக்கு வாங்கிப் போகிறவர் அந்தப் பத்து ரூபாயைத் தருவார்.

கடைசியாக, உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் இதில் ஒரு நகல் வைக்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழத்தைப் பிடித்து டன் கணக்கில் அழிக்கிறீர்கள், படத்தோடு செய்தி வருகிறது, நல்லது. ஆனால் 2025 கோடையில் தர்பூசணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு கிளம்பி, ஜனங்கள் வாங்குவதை நிறுத்தி, வயலிலேயே பழம் கிடந்து விவசாயிகள் நொந்துபோனதையும் பார்த்தோம். ஆப்பிளுக்கும் அப்படி ஒரு பீதி வர வேண்டாம். ஜூஸ் கடைக்கு வந்து ஃபினாயில் ஊற்றி அழிப்பதற்கு முன்னால் அந்தக் கடைக்காரருக்கு எது அழுகல், எது வெறும் அடி என்று ஒரு பக்கப் படம் போட்டுக் கொடுங்கள், பயிற்சி வகுப்பில் தலையுறை கையுறை பற்றிச் சொல்லும்போது இதற்கும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். பாட்டுலினைக் கடை வாசலில் வைத்துச் சோதிக்க முடியாது, அதற்கு ஆய்வுக்கூடமும் கருவியும் நேரமும் வேண்டும், அது எனக்கே தெரியும். அதனால்தான் கேட்கிறேன், ஊரில் இருக்கிற ஆயிரம் கடையைத் துரத்துவதைவிட மண்டியில் ஜூஸுக்கு என்று தனியாக விற்கும் அந்தக் கூடைகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, வந்த எண்ணை வெளியிடுங்கள். பாட்டில் ஜூஸுக்கு 50 என்ற வரம்பு இருக்கும்போது டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிற ஜூஸில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது நியாயம்தானே.

அண்ணாச்சிகளே, உங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை இதைப் படித்துக் காட்டினால் சந்தோஷம். நான் சொன்னதில் கடை நடைமுறைக்கு ஒத்துவராதது ஏதாவது இருந்தால், குறிப்பாக அந்தச் சின்ன கவுண்ட் பழம் உங்கள் ஊர் மண்டியில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதா, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதை எழுதுங்கள், அடுத்து மண்டிக்காரர்களிடம் பேசும்போது அதை வைத்துத்தான் பேச வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளின் சாத்துக்குடி வாடிக்கையாளர் ஒருத்தி